எந்தக் கதவைத் தட்டுவது?

காலை ஆறரை மணிக்குக் குமாரபாளையம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், ஊரின் குறைகள் எல்லாம் வரிசையாகக் காதில் விழும். இரவு ஷிப்ட் முடித்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடியே வந்த தறிக்காரர் ஒருவர் ஒருநாள் இப்படிச் சொன்னார்: "சாக்கடை அடைச்சு ஒரு வாரமாச்சுங்க. கரண்ட் பில்லு கட்டி முடியல. நூல் விலை ஏறுது, எறங்குது. நம்ம கூலி மட்டும் நின்ன எடத்துலயே நிக்குது." பக்கத்தில் இருந்த பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்பாகச் சொன்னார்: "இந்தத் தடவ மாத்திப் போட்டுருவோம்ங்க."

குறை மூன்று, மருந்து ஒன்று. அந்தப் பெரியவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், அவர் சொன்ன மருந்து எந்த நோய்க்கு என்பதுதான் தெளிவில்லை. சாக்கடை நகராட்சியின் வேலை. மின் கட்டணச் சலுகை மாநில அரசின் கையில் இருக்கிறது. ஜவுளி மீதான வரியும் பஞ்சு இறக்குமதித் தீர்வையும் டெல்லியில் முடிவாகின்றன. இந்த மூன்று இடங்களுக்கும் தனித்தனியாக ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பத்தான் நமக்கு மூன்று வாக்குகள் இருக்கின்றன. கட்சிகளோ மூன்றையும் ஒரே சின்னத்தில் முடிந்துவைத்திருக்கின்றன. முடிச்சை அவிழ்க்காமலேயே நாமும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வாக்களித்துவருகிறோம்.

இவ்வளவு பெரிய, இத்தனை மொழியும் சாதியும் தொழிலும் கொண்ட நாட்டில் தேர்தல் எப்படி இயங்குகிறது என்பதை டெல்லியிலிருந்து பார்த்தால் பெரும் எண்கள்தாம் தெரியும். ஒரு தறி ஊரில் நின்று பார்த்தால், அது எங்கே ஓடுகிறது, எங்கே இழை அறுகிறது என்பது தெரிகிறது.

ஆற்றங்கரையில் வரைந்த கோடுகள்

குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் நடுவே காவிரி மட்டும்தான். பாலத்தில் நடந்தே ஊர் மாறலாம். அக்கரை ஈரோடு மாவட்டம்; இக்கரை, 1997 ஜனவரி 1-ல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான நாமக்கல் மாவட்டம். குமாரபாளையத்துக்காரர் கலெக்டரிடம் மனு கொடுக்க நாமக்கல் போக வேண்டும். மக்களவைக்கு வாக்களிப்பதோ ஈரோடு தொகுதியில். அக்கரைப் பவானிக்காரர் இருப்பது ஈரோடு மாவட்டம், அவர் எம்.பி. தேர்ந்தெடுப்பது திருப்பூர் தொகுதியில்.

2008-ல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறை போட்ட கோடு இது. பழைய திருச்செங்கோடு மக்களவைத் தொகுதி அதில் மறைந்தது. குமாரபாளையம் சட்டமன்றத் தொகுதி புதிதாகப் பிறந்தது. மக்கள்தொகையைக் கொண்டு வரையும் கோடு, ஆற்றையும் சந்தையையும் பார்த்து வளையாது. அதனால் மாவட்டம் ஒன்று, மக்களவைத் தொகுதி வேறொன்று என்று ஆகிவிடுகிறது. 'இந்தக் குறையை யாரிடம் சொல்வது?' என்ற குழப்பத்துக்கு முதல் விதை இங்கேயே விழுந்துவிடுகிறது.

குழப்பம் இருந்தும், வாக்காளர் கண்ணை மூடிக்கொண்டு குத்துபவர் இல்லை. குமாரபாளையத்தின் கணக்கைப் பாருங்கள். தொகுதி உருவான பிறகு 2011, 2016, 2021 என மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் அதிமுகவின் பி.தங்கமணியே வென்றார். அதே காலத்தில் ஈரோடு மக்களவைத் தொகுதி 2009-ல் மதிமுகவின் அ.கணேசமூர்த்தியையும், 2014-ல் அதிமுகவையும், 2019-ல் திமுக கூட்டணியில் மீண்டும் கணேசமூர்த்தியையும், 2024-ல் திமுகவின் கே.இ.பிரகாஷையும் அனுப்பியது. 2022 பிப்ரவரியில் நடந்த நகராட்சித் தேர்தலில் 33 வார்டுகளில் எந்தப் பெரிய கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கணிசமான இடங்களைச் சுயேச்சைகள் பிடித்தார்கள். தலைவர் நாற்காலியில் அமர்ந்தவரும் சுயேச்சையாக வென்றவர்தான்.

கோட்டைக்கு ஒருவர், டெல்லிக்கு வேறொருவர், வார்டுக்கு 'நம்ம தெருக்காரர்' என்று பிரித்துப் பார்க்கும் அறிவு மக்களிடம் இருக்கிறது. பிரித்துக் கேள்வி கேட்கும் பழக்கம்தான் நமக்கு இன்னும் வரவில்லை.

தட்டிய கதவு திறந்த கதை

சரியான கதவைச் சேர்ந்து தட்டினால் திறக்கும் என்பதற்கு இந்த ஊரின் மின் மீட்டரே சாட்சி. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவச மின்சாரம் என்பதை 2006-ல் திமுக ஆட்சி கொண்டுவந்தது. 2016-ல் அதிமுக ஆட்சி அதை 750 ஆக உயர்த்தியது. 2023-ல் திமுக ஆட்சி 1,000 ஆக்கியது. ஒரு கட்சி கொடுத்ததை மற்றது நிறுத்தவில்லை, கூட்டியது. காரணம் எளிது. குமாரபாளையம், திருச்செங்கோடு, சங்ககிரி, எடப்பாடி, ஈரோடு என்று தறி ஓடும் தொகுதிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. தறிக்காரர்கள் எந்தக் கட்சியில் இருந்தாலும் கேட்டது ஒரே கேள்வி. கேட்ட இடம், அதைத் தரும் அதிகாரமுள்ள மாநில அரசு. இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆளும் போட்டி அரசியல், சாமானியருக்குக் கொடுத்த பலன் இது. 1983-ல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் தொடங்கிய பொங்கல் இலவச வேட்டி – சேலைத் திட்டம் இன்றுவரை தறிக்கு வேலை கொடுத்துக்கொண்டிருப்பதும் இதே காரணத்தால்தான்.

இரண்டாவது கதவு டெல்லியில் இருக்கிறது. ஜவுளிக்கு 5 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியை 2022 ஜனவரி 1 முதல் 12 சதவீதமாக உயர்த்துவதென்று 2021 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. சூரத்திலிருந்து ஈரோடு வரை ஜவுளித் தொழில் கொதித்தது. பாஜக ஆண்ட குஜராத்தும் திமுக ஆண்ட தமிழ்நாடும் திரிணமூல் ஆண்ட மேற்கு வங்கமும் ஒரே பக்கம் நின்றன. உயர்வு அமலுக்கு வரும் முந்தைய நாள், டிசம்பர் 31-ல், கவுன்சில் அவசரமாகக் கூடி முடிவை நிறுத்திவைத்தது. அந்தக் கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. முடிவு நிறைவேற முக்கால் பங்கு வேண்டும். யாரும் தனியாக வெல்ல முடியாத ஏற்பாடு அது. மேடையில் ஒருவரையொருவர் திட்டித் தீர்க்கும் கட்சிகள், தங்கள் மாநிலத் தொழிலுக்கு ஆபத்து என்றால் ஒரே வரிசையில் நிற்க முடியும் என்று அந்த ஒரு நாள் காட்டியது.

இந்த இரண்டு கதைகளிலும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு: யார் பொறுப்பு என்பது தெளிவாக இருந்தது. தெளிவாக இருந்ததால், தப்பிக்க இடமில்லாமல் போயிற்று.

பொறுப்பு தெளிவில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை அறியக் காவிரியைப் பார்த்தால் போதும். சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலக்கும் செய்தி இந்தக் கரையில் புதிதில்லை. அனுமதியில்லாத பட்டறையின் மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிடுவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். வாரியம் மாநில அரசின் கீழே இயங்குகிறது; அதற்கு அதிகாரம் தருவதோ நாடாளுமன்றம் 1974-ல் இயற்றிய தண்ணீர்ச் சட்டம். கழிவு ஓடிவரும் சாக்கடை நகராட்சிக்குச் சொந்தம். பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பல கோடி வேண்டும்; அதற்கு மத்திய அரசின் மானியம் எதிர்பார்க்கப்படும். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட வசதியான அமைப்பு. அதனால்தான் சுத்திகரிப்பு நிலையம் பற்றிய பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வந்துபோகிறது. அதற்குள் இக்கரையில் துணி துவைப்பவரும் கீழே இருக்கும் ஊர்களில் குடிதண்ணீர் எடுப்பவரும் அந்த ஆற்றைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

கட்சி இல்லாமல் முடியுமா?

இத்தனைக்கும் கட்சிகள்தாம் காரணம், கட்சியே வேண்டாம் என்று சொல்வோர் உண்டு. அந்தச் சோதனையும் இதே வட்டாரத்தில் நடந்துமுடிந்தது. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் குறைகளை அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதற்காக விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியதாயிற்று. தேர்தலே தள்ளிப்போனது. கடைசியில் வென்றது திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். விவசாயிகளின் கோபம் நாடு முழுக்கச் செய்தியானது உண்மை. ஆனால், அதற்குப் பிறகு சட்டத்தில் மாறியது என்ன? சட்டமன்ற வேட்பாளரின் டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதி வந்தது. ஆயிரம் பேர் தனித்தனியாகக் கத்தினால் சத்தம்தான் பெரிதாகும், கோரிக்கை கேட்காது. சிதறிய கோரிக்கைகளைச் சேர்த்து, அதிகாரம் இருக்கும் இடத்துக்குத் தூக்கிச்செல்ல ஓர் அமைப்பு வேண்டும். அந்த அமைப்புக்குப் பெயர்தான் கட்சி.

குமாரபாளையம் மாதிரி ஊரில் இந்த வேலை எத்தனை கடினம் என்பதை வெளியூர்க்காரர் எளிதில் உணர முடியாது. செங்குந்தர், தேவாங்கர், கொங்கு வேளாளர், அருந்ததியர் என்று பல சமூகங்கள். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகள். இப்போது இந்தி பேசும் தொழிலாளர் குடியிருப்புகள். தறி முதலாளிக்கும் தறி ஓட்டுபவருக்கும் கூலியில் முரண்பாடு. கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் தொழிலில் முரண்பாடு. இவர்கள் எல்லாரையும் ஒரு கூட்டத்தில் உட்காரவைத்து, ஒரு வேட்பாளருக்கு வேலைசெய்ய வைப்பது சாதாரணமில்லை. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிகள் சாதிக் கணக்குப் போடுவது உண்மை. அது கண்டிக்க வேண்டியதும்கூட. ஆனாலும், ஒரே சாதியை வைத்து இங்கே யாரும் வெல்ல முடியாது என்பதால், அந்தக் கட்சிகளே எல்லாத் தெருவுக்கும் போய் எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் நிற்க வேண்டியிருக்கிறது.

வாக்குச்சாவடிக்குள் கட்சிகள் செய்யும் இன்னொரு வேலையைப் பலர் கவனிப்பதில்லை. வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே, விடியற்காலையில் பள்ளிக்கூட வகுப்பறையில் பூத் ஏஜென்ட்கள் கூடிவிடுவார்கள். அவர்கள் கண் முன்னால் குறைந்தது ஐம்பது மாதிரி வாக்குகள் போடப்படும். கணக்குச் சரியா என்று பார்த்து, அழித்து, இயந்திரத்துக்குச் சீல் வைப்பார்கள். பிறகு நாள் முழுக்க ஒரே பெஞ்சில் பரம எதிரிகள். ஒருவர் வாசிக்கும் வரிசை எண்ணை மற்றவர் தன் பட்டியலில் டிக் அடிப்பார். "இது செத்துப்போன நம்ம மேட்டுத்தெரு பெரியம்மா பேராச்சே" என்று ஒருவர் குரல் கொடுத்தால், கள்ள ஓட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக வேண்டியதுதான். மதியம் ஒருவர் வீட்டு டிபன் கேரியரை நாலு பேர் பகிர்ந்து சாப்பிடுவார்கள். மாலையில் பதிவான வாக்குக் கணக்கான 17-சி படிவத்தின் நகலை வாங்கிக்கொண்டுதான் கலைவார்கள். தேர்தல் ஆணையம் ஒன்று மட்டும் லட்சக்கணக்கான வாக்குச்சாவடிகளைக் காவல் காத்துவிட முடியாது. ஒருவரையொருவர் நம்பாத இரண்டு கட்சிக்காரர்கள் அருகருகே உட்கார்ந்திருப்பதுதான் அந்த அறையின் பெரிய காவல்.

ஆகவே, குறை கட்சி என்ற ஏற்பாட்டில் இல்லை. ஒரு கட்சி வாக்காளரிடமிருந்து பெறும் ஆணையை எங்கே, எதற்கு, யார் பெயரில் பயன்படுத்துகிறது என்பதில் இருக்கிறது.

சின்னத்துக்குள் மறையும் முகவரி

கணேசமூர்த்தி 2019-ல் மதிமுகக்காரராகவே இருந்தாலும், போட்டியிட்டது உதயசூரியன் சின்னத்தில். பக்கத்து நாமக்கல் மக்களவைத் தொகுதியில் 2019-லும் 2024-லும் வென்றவர்கள் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியினர், நின்றது உதயசூரியனில். திருச்செங்கோட்டில் 2021-ல் வென்ற அக்கட்சியின் ஈ.ஆர்.ஈஸ்வரனும் அதே சின்னத்தில்தான் நின்றார். சிறிய கட்சிக்குத் தெரிந்த சின்னம் வேண்டும். பெரிய கட்சிக்கு அந்த வட்டார வாக்கு வேண்டும். பேரம் இருவருக்கும் லாபம்.

வாக்காளருக்கு? 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, எந்தச் சின்னத்தில் வென்றாரோ அந்தக் கட்சியின் கொறடா சொன்னபடிதான் அவர் அவையில் வாக்களிக்க வேண்டும். மீறினால் பதவி போகும். ஆக, நாம் ஒரு கட்சிக்காரரை அனுப்புகிறோம். அவர் கை தூக்குவது இன்னொரு கட்சியின் சொல்லுக்கு. 'நம் எம்.பி. ஜவுளிக்காகக் கட்சியை மீறி வாக்களிப்பாரா?' என்று எதிர்பார்ப்பதற்கே சட்டத்தில் இடமில்லை. கேள்வி கேட்கலாம், அமைச்சரைப் பார்க்கலாம், குழுவில் பேசலாம். வாக்கு மட்டும் கட்சியுடையது.

அதோடு எண்ணிக்கை முறையின் விளைவும் சேர்ந்துகொள்கிறது. 2014-ல் அதிமுக சுமார் 44 சதவீத வாக்குகளுடன் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37-ஐ அள்ளியது. ஏறத்தாழ 24 சதவீதம் வாங்கிய திமுகவுக்கு ஓர் இடமும் இல்லை. 2024-ல் திமுக கூட்டணி சுமார் 47 சதவீதத்தில் 39-ஐயும் பிடித்தது. 20 சதவீதத்துக்கு மேல் வாங்கிய அதிமுகவுக்குப் பூஜ்யம். அதிக வாக்கு பெற்றவரே வெற்றியாளர் என்ற முறை நிலையான ஆட்சியைத் தரும். ஆனால், தோற்ற பாதிப் பேரின் குரல் அவைக்குப் போகாது. அதனால்தான் இங்கே கூட்டணி என்பது கொள்கைப் பேச்சைவிடக் கூட்டல் கணக்காகிவிட்டது. முப்பது சதவீதத்தோடு பத்தைக் கூட்டினால் எல்லாம் நமக்கு. கூட்டாவிட்டால் எதுவும் இல்லை.

கட்சி மாறுவதும் கூட்டணி மாறுவதும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் ப.சுப்பராயன் 1926-ல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானது சுயேச்சையாக. பின்னாளில் காங்கிரஸ் சார்பில் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குப் போனார். மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் கட்சியின் எம்.பி. மகன் மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்ட்டாக இருந்து இந்திரா காந்தி அமைச்சரவைக்குச் சென்றவர். பேரன் ரங்கராஜன் சேலத்தில் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்து, பிறகு பாஜகவில் மத்திய அமைச்சரானார். ஒரே வீட்டுக்குள் நாட்டின் அரசியல் நிறங்கள் எல்லாம் இருந்திருக்கின்றன. கட்சி மாறியதற்காக இவர்களை வரலாறு எடைபோடவில்லை. இருந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்றுதான் கேட்கிறது. சுப்பராயன் அமைச்சரவைக் காலத்தில்தான் வகுப்புவாரி இட ஒதுக்கீட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அதற்காகவே அந்த அமைச்சரவை இன்றும் நினைக்கப்படுகிறது.

கவரும் கடனும்

பணப்பட்டுவாடாவைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டுத் தேர்தலைப் பேச முடியாது. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு 'ஃபார்முலா' என்ற சொல்லே புழக்கத்துக்கு வந்துவிட்டது. 2016-ல் பணப்பட்டுவாடா காரணமாக அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலையே ஆணையம் ரத்து செய்தது. 2017-ல் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி. சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் செலவிடச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 40 லட்ச ரூபாய். ஒரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையையும் தெருவில் பேசப்படும் தொகையையும் பெருக்கிப் பார்க்கும் எவருக்கும் அந்த வரம்பின் கதி தெரியும்.

வாங்குபவரை மட்டும் குற்றவாளியாக்கிப் பேசுவது எளிது. என்னால் அப்படிப் பேச முடியவில்லை. தறித்தொழிலாளி வேலைக்குச் சேரும்போதே முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார்; அந்தக் கடன் தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. வாரச் சம்பளத்தில் அதைப் பிடித்தது போக, நுண்கடன் நிறுவனத்தின் தவணைக்காரர் வாசலில் நிற்கிறார். 2025 ஜூலையில் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற விவகாரம் வெடித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. பள்ளிபாளையம் குமாரபாளையம் சட்டமன்றத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. உடலையே விற்கும் அளவுக்குக் கடன்பட்டவரிடம் "ஓட்டை விற்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது அறமாகாது. முன்பண முறையை ஒழுங்குபடுத்துவதையும், கூலி ஒப்பந்தத்தைக் கறாராக நடைமுறைப்படுத்துவதையும், கூட்டுறவு வங்கிக் கடன் தொழிலாளிக்கு எட்டுவதையும் தேர்தல் கேள்வியாக்கினால்தான் பணக் கவரின் கவர்ச்சி குறையும். கட்சிகள் கவரைக் கொடுப்பது, இந்தக் கேள்விகளைச் சந்திப்பதைவிட அது மலிவு என்பதால்.

தள்ளிப்போடப்பட்ட வாக்கு

மூன்று வாக்குகளில் நமக்கு மிக அருகில் இருப்பது உள்ளாட்சி வாக்கு. தெரு விளக்கு எரியாவிட்டால் வாசலுக்கே போய்க் கேட்கக்கூடிய ஒரே மக்கள் பிரதிநிதி வார்டு கவுன்சிலர். ஆனால், எல்லா ஆட்சிகளும் கூச்சமின்றித் தள்ளிப்போடுவது இந்த வாக்கைத்தான்.

73, 74-வது அரசமைப்புத் திருத்தங்கள் 1993-ல் நடைமுறைக்கு வந்தன. உள்ளாட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை, முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசமைப்பே சொல்கிறது. தமிழ்நாட்டில் 1996, 2001, 2006, 2011 என்று அக்டோபர் தோறும் தவறாமல் நடந்தது. 2016 அக்டோபரில் அறிவித்த தேர்தல் இட ஒதுக்கீட்டுக் குறைபாட்டால் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. திருத்திவிட்டுச் சில மாதங்களில் நடத்தியிருக்கலாம். நகராட்சிகளுக்கு மறுபடியும் தேர்தல் வந்தது 2022 பிப்ரவரி 19-ல். ஐந்தாண்டுக்கு மேலாகக் குமாரபாளையத்தில் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலரின் கையெழுத்தில் நகரம் ஓடியது. முழுதாக ஒரு பதவிக்காலம், ஒரு வாக்கு, மக்களிடமிருந்து காணாமல் போயிற்று. ஆண்ட கட்சி மாறியது, பழக்கம் மாறவில்லை. நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோதும் தேர்தலுக்குப் பதில் தனி அலுவலர்களே வந்தார்கள்.

இது நமக்கு மட்டும் உரிய நோய் இல்லை. இலங்கையில் 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று சொல்லித் தள்ளிவைக்கப்பட்டது. நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6-ல்தான் வாக்குப்பதிவு நடந்தது. அங்கே வார்டு முறையும் விகிதாசாரமும் கலந்த முறை, இங்கே அதிக வாக்கு முறை. தேர்தல் முறை வேறானாலும் ஆளுவோரின் அச்சம் ஒன்றுதான். மிக அருகில் வரும் மக்களைக் கண்டுதான் அதிகாரம் அதிகம் அஞ்சுகிறது.

உள்ளாட்சி பலவீனமாக இருந்தால் மற்ற இரண்டு வாக்குகளும் கெட்டுப்போகும். கவுன்சிலர் இல்லாத ஊரில் எம்.எல்.ஏ. சாக்கடையைப் பார்க்க வருவார்; சட்டம் இயற்ற வேண்டியவர் அடைப்பெடுக்கும் மேற்பார்வையாளராவார். எம்.பி. சமுதாயக் கூடத்தைத் திறந்துவைப்பார். ஜவுளிக் கொள்கையைப் பேச வேண்டியவர் கல்வெட்டில் பெயர் தேடுவார். நாமும் அதற்காகவே அவர்களை மெச்சுவோம், அதற்காகவே திட்டுவோம். முடிச்சு இறுகிக்கொண்டே போகும்.

மூன்று கேள்விகள்

என் வேண்டுகோள் கட்சிகளுக்கு முன்னால் வாக்காளருக்கு. அடுத்த முறை வாசலுக்கு வருபவரிடம், அவர் எந்தப் பதவிக்கு வந்திருக்கிறார் என்று பார்த்துக் கேளுங்கள். எம்.பி. வேட்பாளரிடம் சாக்கடையைப் பேசாதீர்கள். பஞ்சு இறக்குமதித் தீர்வையிலும் ஜவுளி வரியிலும் உங்கள் நிலை என்ன, நாடாளுமன்றத்தில் அதை எப்படி எழுப்புவீர்கள் என்று கேளுங்கள். எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் மின் கட்டணத்தையும், கூலி ஒப்பந்தத்தையும், சாயக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கான தேதியையும் கேளுங்கள். கவுன்சிலர் வேட்பாளரிடம் தெருவின் குடிநீரையும் சாக்கடையையும் கேளுங்கள். வென்ற பிறகு பகுதி சபையைக் கூட்டுவாரா என்று வாக்குறுதி வாங்குங்கள். 2022 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டில் நகர்ப்புறப் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. கிராம சபையைப் போல, நம் தெருக்காரர்கள் உட்கார்ந்து கணக்குக் கேட்கச் சட்டம் போட்டுத் தந்த பாய் அது. விரித்து உட்காராவிட்டால் மடித்து மூலையில் வைத்துவிடுவார்கள்.

கட்சிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பூத் ஏஜென்ட் வாக்குப்பதிவு நாளில் காட்டும் விழிப்பில் பத்தில் ஒரு பங்கை, அதே தெருவின் குறைகளை எழுதிச் சரியான அலுவலகத்தில் சேர்ப்பதில் காட்டினால், உங்களுக்குக் கவர் தேவைப்படாது.

2022-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றங்களுக்கு ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் நிறைவடைகிறது. அடுத்த தேர்தல் அதற்குள் நடந்தாக வேண்டும் என்பது அரசமைப்பின் கட்டளை. குமாரபாளையத்தின் 33 வார்டுகளிலும், தமிழ்நாட்டின் எல்லா நகரங்களிலும், அந்த வாக்கை ஒரு நாளும் தள்ளிப்போட விடமாட்டோம் என்று இப்போதே சொல்லத் தொடங்குவோம்.